டவாலி கட்டிய கல்யாணம்

அத்தியாயம் 14

இடுப்பு விட்டுப்போயிருந்தது அமுதவல்லிக்கு. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனிய முடியவில்லை. மண்டபத்தின் மொசைக் தரை முழுவதையும் அவள் ஒருத்தியாகவே தேய்த்துக் கழுவியிருந்தாள். வருஷக்கணக்கில் அங்கே வாடகைக்கு அடுக்கியிருந்த கோழித்தீவன மூட்டைகளின் வாடை அவ்வளவு சுலபத்தில் போவதாக இல்லை.

மில்லில் நூல் ஓட்டிய காலத்தில் ஷிஃப்டு முழுக்க நின்றே வேலை செய்த உடம்புதான். அப்போது கால் வலிக்கும். மில்லை மூடினார்கள், வலி காலை விட்டுவிட்டு இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“இன்னும் அந்த மூலையில வாடை வருது,” என்றார் கன்னியப்பன், மூக்கை உறிஞ்சியபடி.

“மூலையில வரல. உங்க சட்டையில வருது. மூட்டை தூக்கின சட்டைய மாத்தாமலே சுத்துறீங்க.”

“இன்ஸ்பெக்டர் வர நேரத்துல வம்பு பண்ணாத.”

“நான் எங்க பண்றேன்? இடுப்பு பண்ணுது.”

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

மில் மூடியபோது கைக்கு வந்ததையெல்லாம் கொட்டி, குருசுக்குப்பம் போகிற சாலையில் ஒரு பழைய தவிட்டுக் கிடங்கை வாங்கி, பூசி, மகள் பெயரையே வைத்து ‘பூர்ணிமா மகால்’ என்று போர்டு மாட்டியவர் கன்னியப்பன். தாலி கட்டும் கல்யாணத்துக்கு ஊரில் ஏசி போட்ட மண்டபங்கள் இருக்கின்றன. தவிட்டுக் கிடங்குக்கு எவன் வருவான்? ஆனால் ஜாதி மாறி, மதம் மாறிக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து லீவில் வந்து கல்யாணப் பத்திரத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபீசில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே நின்று மாலை மாற்றிக்கொள்ள அவர்களுக்கும் மனசில்லை. பதிவு அதிகாரி நேரில் வந்து கல்யாணத்தை நடத்திவைக்கிற சின்ன மண்டபம் ஒன்று இருந்தால், அது ஓடும். இதுதான் கன்னியப்பனின் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் லைசென்ஸ் இல்லாத கட்டடத்துக்குள் அதிகாரி கால் வைக்கமாட்டார். அந்த லைசென்ஸுக்குப் போட்ட மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்து, ஒருவழியாகப் பார்வையிட ஆள் வருவதாகப் போன வாரம்தான் தகவல் வந்தது. அந்த நாள் இதுதான்.

“உங்க அண்ணன் எங்க? ரூமுல காணோம்,” என்றாள் அமுதவல்லி.

“தேங்காய்த்திட்டுக்கு அனுப்பிட்டேன். ஏலத்துல நல்ல வஞ்சிரமா பாத்து எடுத்துகிட்டு வான்னு. மத்தியானம் ஆயிடும்.”

“இன்னிக்கு எதுக்கு வஞ்சிரம்?”

கன்னியப்பன் அவளைப் பார்க்காமல் கதவு கீலுக்கு எண்ணெய் விட்டார். “வர இன்ஸ்பெக்டர் வடிவேலு, மேரி ஆபீசுல அண்ணன்கூட வேல செஞ்ச ஆளு. பாத்தா பழைய கதைய எடுப்பாங்க. எடுத்தா அண்ணன் வாயில எது நிக்கும்? அந்தக் கல்யாணமும் சேர்ந்து வந்துடும்.”

அந்தக் கல்யாணம். வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அமுதவல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். மண்டபத்தை ஒட்டிக் கன்னியப்பனின் அண்ணன் அரிகிருஷ்ணன் மாமாவின் ஒற்றை அறை. கதவு திறந்தே கிடந்தது. சுவரில் ஆணி, ஆணியில் அந்தச் சிவப்புப் பட்டை. நடுவில் பித்தளை வில்லை. வாரம் ஒரு தரம் புளி போட்டு அதைத் தேய்த்துவிடுவார் மனுஷன். பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை இல்லை. முப்பது வருஷம் மேரியில் அதிகாரிக்கு முன்னால் வழிவிட்டுப் போகும் டவாலியாக நின்றதற்கு அவரிடம் மிச்சமிருப்பது அந்தப் பட்டைதான்.

இந்த ஊரில் வயசானவர்களுக்கு நகராட்சி ஆபீஸ் இன்னும் மேரிதான். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை காலமானாலும், கல்யாணம் பதிவாகிவிட்டது என்று சொல்லமாட்டார்கள். மேரியில் பெயர் ஏறிவிட்டது என்பார்கள். மேரிக்குத் தலைவர் மேர். அந்தக் காலத்தில் மேர் மார்புக்குக் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டுதான் கல்யாணம் செய்துவைப்பாராம். அந்த ஒரு பட்டையால் வந்த வினை இது.

மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. செந்தமிழ்ச்செல்விக்கு சேதராப்பட்டில் பொம்மைக் கம்பெனியில் வேலை. அவள் பக்கம் விவசாயக் குடும்பம், மாரியம்மன். அதே கம்பெனியில் மிஷின் ஓட்டிய சவரிநாதன் குருசுக்குப்பத்துப் பையன். அவன் பக்கம் மாதா. கோயிலிலும் கட்டமுடியாது, சர்ச்சிலும் கட்டமுடியாது. நோட்டீஸ் ஒட்டி, கெடு முடிந்து, ‘அதிகாரி எங்க மண்டபத்துக்கே வருவாரு’ என்று கன்னியப்பன் கொடுத்த வாக்கை நம்பித் தேதி குறித்தார்கள். பூர்ணிமா மகாலின் முதல் கல்யாணம்.

அதிகாரி வரவில்லை. லைசென்ஸ் இல்லாத இடத்துக்கு வர முடியாது, திங்கட்கிழமை ஆபீசுக்கு அழைத்து வாருங்கள் என்று காலையில் சொல்லி அனுப்பிவிட்டார். கம்பெனிப் பெண்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். கேசரி கிண்டியாகிவிட்டது. முதல் கல்யாணமே நின்றால் அடுத்து யார் வருவார்?

யோசனை சொன்னது அமுதவல்லி. “மாமா, நீங்க அந்த டவாலிப் பட்டையப் போட்டுகிட்டு வந்து நில்லுங்க. ஐயா அனுப்பினாரு, கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு, மிச்சம் திங்கட்கிழமன்னு சொல்லுங்க. போதும்.”

அரை உண்மை. அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சவரியின் பெரிய தாத்தா ஒருவர் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. இரண்டு கண்ணிலும் புரை. சிவப்பாகக் குறுக்கே ஒரு பட்டை நடந்து வருவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிழவர் தடியை ஊன்றி எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். “மேரே வந்துட்டாருடா! எந்திரிங்கடா எல்லாரும்!”

மண்டபமே எழுந்து நின்றது. செல்வி அழுதேவிட்டாள். பெற்றவர்கள் வராத கல்யாணத்துக்கு மேர் வந்திருக்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அரிகிருஷ்ணன் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கதவோரம் நின்று முப்பது வருஷமாகக் கேட்ட வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம். “சம்மதமா?” என்று பெண்ணைக் கேட்டார். “சம்மதமா?” என்று பிள்ளையைக் கேட்டார். வெள்ளைத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை ஒரு தரம் வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தார். அவ்வளவு கம்பீரமாக எந்த அதிகாரியும் நடத்திவைத்திருக்க முடியாது.

“அம்மா!” கொல்லைப்புறத்திலிருந்து பூர்ணிமா கூப்பிட்டாள். “யாரோ ஒரு அக்கா வந்திருக்காங்க. முன்னாடி கேட்டு பூட்டியிருந்துச்சாம், தெருவுல நின்னுகிட்டிருந்தாங்க. நான்தான் உள்ள கூட்டியாந்தேன்.”

வாளி அமுதவல்லியின் கையிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்தது.

செந்தமிழ்ச்செல்வி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நெற்றியில் ஒன்றுமில்லை, தலையில் ஒன்றுமில்லை. வாய் திறப்பதற்கு முன்பே அமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

“சவரி போயிட்டாருக்கா.”

“அய்யோ... எப்படிடீ?”

“நைட் ஷிஃப்டு முடிச்சிட்டு வந்துகிட்டிருந்தாரு. வண்டியிலயே கண்ணசந்துட்டாரு போல. புளியமரம்.” அழுகை தீர்ந்துபோன குரலில் சொன்னாள். “மாசம் ரெண்டாவப் போவுது. உங்களுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்ல.”

பூர்ணிமா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். “பேரு என்னாக்கா?”

“மேரி.” செல்வியின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. “அவங்கப்பா வச்சது. மேரியில ஆன கல்யாணத்துக்குப் பொறந்த புள்ள, மேரின்னே வச்சிடுவோம்னாரு. எங்க மாமியாவும் மாதா பேருதானேன்னு ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு வெசயத்துலதான் அவங்க ஒண்ணும் சொல்லல.”

அமுதவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு என்று பூர்ணிமா நினைத்திருப்பாள்.

“அக்கா, கம்பெனியில அவரு வேலைய எனக்குப் போட்டுத் தரேங்கறாங்க. கல்யாணம் பதிஞ்ச பத்திரம் மட்டும் கொண்டாங்கறாங்க. மாமியா என்னான்னா, கோயில்ல கட்டல, சர்ச்சுல கட்டல, நீ எம்மவனுக்கு யாருடீன்னு கேக்குது. நான் வுடல. எங்களுக்கு மேரே வந்து பண்ணிவச்சாரு, பட்டை போட்டுகிட்டு வந்தாரு, தாத்தா சல்யூட் அடிச்சாருன்னு தெருவே கேக்கச் சொன்னேன்.”

“அப்புறம்?”

“மேரியில போயி கேட்டா பேரே இல்லங்கறாங்க. நோட்டீசு ஒட்டினது இருக்குதாம், கல்யாணம் ஆனது இல்லியாம். எங்கயோ தவற வுட்டுட்டு என்ன அலைய வுடறாங்க. அந்த மேர் ஐயா ஊடு எங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா. கால்ல வுழுந்து கேக்குறேன். ஒரு வார்த்த சொன்னாருன்னா எழுதிக் குடுத்துடுவாங்க. அவருக்கு என்னிய ஞாபகம் இருக்கும். தலையில கை வச்சி ஆசீர்வாதம் பண்ணாரு.”

சொல்லிவிட வேண்டிய இடம் அது. அமுதவல்லி வாயைத் திறக்கவும் செய்தாள்.

முன்வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

“மொதல்ல சாப்பிடு,” என்றாள். “அடுப்பாங்கரையில இட்லி இருக்கு. புள்ளைக்கும் குடு. உள்ளயே இரு, வெளிய வராத. ஆபீசருங்க வந்திருக்காங்க. அவங்க போவட்டும், நான் எல்லாம் சொல்றேன்.”

“சரிக்கா,” என்றாள் செல்வி. அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள்.

அமுதவல்லி தட்டில் சாம்பாரை ஊற்றினாள். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் அவள் யாரிடமும் சொல்லாத திங்கட்கிழமை.

அன்றைக்குக் கன்னியப்பன் பந்தல்காரனைப் பார்க்க விழுப்புரம் போயிருந்தார். ‘ரெண்டு பேரும் வந்தா வெவரத்தச் சொல்லி ஆபீசுக்கு அனுப்பு’ என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். வந்தார்கள். புதுச் சேலையும் புதுச் சட்டையுமாக, கையில் லட்டுப் பொட்டலத்தோடு. “இன்னும் ஏதாவது கையெழுத்து போடணுமாக்கா?” என்று சவரி கேட்டான். அவன் ஒரு ஷிஃப்டு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வந்தவர் மேர் இல்லை, டவாலி. உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“எல்லாம் முடிஞ்சிடுச்சி தம்பி,” என்றாள் அமுதவல்லி. “நிம்மதியா போங்க.”

அந்தக் கையெழுத்துத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டதும் அவள்தான். கன்னியப்பனிடம், ‘சொன்னேன், போய்ப் பதிஞ்சிகிட்டாங்க’ என்றாள். அவர் வெகு நாள் அதை நம்பினார். பத்திரம் எப்ப வரும்ண்ணே என்று சவரி அவரைத் தெருவில் பார்த்துக் கேட்டபோதுதான் அவருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். இந்த வீட்டில் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த வேலை அது.

“அமுதா! சாருக்கு மோர் கொண்டா!”

இன்ஸ்பெக்டர் வடிவேல் கட்டையாக, வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தார். மணல் வாளிகளைக் காலால் தட்டினார். கக்கூஸ் கதவைத் திறந்து குழாயைத் திருகினார். பிறகு பக்கவாட்டுக் கதவுக்கு வந்து இழுத்துப் பார்த்தார்.

“இது உள்பக்கமா தொறக்குதே.”

“ஆமா சார்.”

“வெளிப்பக்கமா தொறக்கணும்யா. அவசரத்துக்குக் கூட்டம் மொத்தமா வந்து கதவுல சாஞ்சா எப்படி இழுப்ப?”

“இப்பவே மாத்திடறேன் சார். கீலக் கழட்டி இந்தப் பக்கம் போட எவ்ளோ நேரம்? நான் மில்லு ஃபிட்டருதான்.” கன்னியப்பன் சட்டைப் பையிலேயே திருப்புளி வைத்திருந்தார். உட்கார்ந்துவிட்டார்.

“செய்யி, செய்யி. பாத்துட்டே போறேன்.” வடிவேல் மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். “இன்னொண்ணு ஞாபகம் வச்சிக்க. ரெஜிஸ்டர் கல்யாணம் நடக்கும்போது கதவச் சாத்தக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து மேரியில அதான் பழக்கம். எவனுக்காச்சும் ஆட்சேபணை இருந்தா உள்ள வந்து சொல்லணுமில்ல?”

“சாத்த மாட்டோம் சார்.”

“இதுக்கு முன்னாடி இங்க விசேஷம் ஏதாவது நடத்தினியா? லைசென்ஸ் இல்லாம நடத்தியிருந்தா இப்பவே சொல்லிடு. பின்னாடி எவனாவது பெட்டிஷன் போட்டா என் தலையில வந்து விடியும்.”

கன்னியப்பன் திருப்புளியைத் திருகிக்கொண்டே சொன்னார். “ஒரு காதுகுத்துகூட நடக்கல சார். மூட்டைதான் போட்டிருந்தோம்.”

வடிவேல் அமுதவல்லியைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

அடுப்பங்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தட்டில் கரண்டி படும் சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்காதா?

“அப்படித்தான் சார்,” என்றாள் அமுதவல்லி.

தட்டுச் சத்தம் நின்றது.

அடுத்தது குழந்தையின் வேலை. அடுப்பங்கரைக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் பிய்த்த இட்லியோடு ஓடிவந்து, கழுவிய தரையில் வழுக்கி, மண்டபத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தது மேரி. அழவில்லை. எல்லோரையும் சுற்றிப் பார்த்தது.

“யாரு இந்தக் குட்டி?” வடிவேல் சிரித்தார்.

“சொந்தக்காரப் புள்ள சார்,” என்றார் கன்னியப்பன் அவசரமாக.

செல்வி குழந்தையைத் தூக்க வந்தாள். அவள் முகத்தில் குழப்பம் இருந்தது. இங்கே காதுகுத்துகூட நடக்கவில்லையா? அமுதவல்லியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ‘ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?’ என்பதுபோல. கோபம் இல்லை. ஏதோ காரணம் இருக்கும், அக்கா பிறகு சொல்லும் என்கிற பார்வை. அமுதவல்லியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது பக்கவாட்டில், கீல் கழற்றிய கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காலிப் பையோடு அரிகிருஷ்ணன் உள்ளே வந்தார்.

“கடலு சரியில்லயாம்டா கன்னி. ஒரு படகும் போவல, ஏலமே இல்ல. சும்மா என்ன...”

முடிக்கவில்லை. செல்வி குழந்தையோடு போய் அவர் காலில் விழுந்திருந்தாள்.

“மேர் ஐயா! உங்களத்தான் தேடிகிட்டிருக்கேன் ஐயா! என்னிய ஞாபகம் இருக்குதா? சவரிநாதன் பொண்டாட்டி ஐயா...”

வடிவேலுக்கு மோர் புரையேறிவிட்டது. “யாரு? மேரா?” வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்மா, நம்ம டவாலி அண்ணனையா மேருங்கற? அண்ணே, ரிட்டையராகிப் போயி ப்ரொமோஷன் வாங்கிட்டீங்களே! சொல்லவே இல்ல?”

செல்வி தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “டவாலின்னா... என்னா சார்?”

“ஆபீசர் வந்தா முன்னாடி போயி வழிவுட்டு கதவத் தொறந்துவுடற ஆளும்மா. குறுக்க சிவப்பா ஒரு பட்டை போட்டிருப்பாங்க. அண்ணன் நல்ல உசரமா, ஜோரா ஒரு வில்லையோட நிப்பாரு. புதுசா வரவங்க ஆபீசர வுட்டுட்டு இவருக்குத்தான் கும்பிடு போடுவாங்க. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு நானே போட்டிருக்கேன்!”

சிரித்தது அவர் மட்டும்தான். கன்னியப்பன் கையில் திருப்புளி நின்றுபோயிருந்தது. பூர்ணிமா அம்மாவைப் பார்த்தாள்.

அரிகிருஷ்ணன் குனிந்து செல்வியைத் தூக்க முயன்றார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. தொடுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தவர்போல இருந்தது.

“ஆமாம்மா,” என்றார். “நான் டவாலிதான்.”

செல்வி எழுந்துகொண்டாள். வடிவேலின் பக்கம் திரும்பினாள். “சார்... ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

பக்கவாட்டுக் கதவு கழன்று சாய்ந்திருந்தது. முன்கதவு அகலத் திறந்திருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் உள்ளே வந்து சொல்ல வேண்டியதுதான். அமுதவல்லி செல்வியின் வாயையே பார்த்தாள். கேட்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. கேட்டுவிடக் கூடாது என்று இன்னொரு மனசு வேண்டிக்கொண்டது. இரண்டாவதுதான் பெரிய குரலில் வேண்டியது. அது அவளுக்கே தெரிந்தது.

செல்வி அவளை ஒரு தரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல சார். புள்ளைக்குத் தண்ணி வேணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வடிவேல் போகும்போது கன்னியப்பனின் தோளில் தட்டினார். “கதவ மட்டும் முடிச்சிடு, நல்லபடியா எழுதிடறேன். அடுத்த மாசம் கைக்கு வந்துடும். மொதக் கல்யாணம் யாருதுய்யா?”

“பாக்கணும் சார்,” என்றார் கன்னியப்பன்.

ஜீப் போன பிறகு அமுதவல்லி அடுப்பங்கரைக்குப் போனாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள் செல்வி. யார் வீட்டிலோ சாப்பிட்ட கூலியாள் மாதிரி.

“செல்வி...”

“அங்கயே கேட்டிருப்பேன்க்கா. டவாலி பண்ணி வச்சா அது கல்யாணமா சார்னு. வாய் வரைக்கும் வந்துச்சி.” திரும்பவில்லை. “கேட்டா உங்க மண்டபம் போயிடும். போனா எனக்கு என்னா வரும்? சவரி வருவாரா?”

“அன்னிக்கே சொல்லணும்னுதான்...”

“எந்த அன்னிக்கு? லட்டு வாங்கிட்டு வந்தமே, அன்னிக்கா?”

அமுதவல்லி தட்டை வாங்கக் கை நீட்டினாள், செல்வி தரவில்லை.

“ஒரு ஷிஃப்டு லீவு போட்டுட்டு வந்தாருக்கா. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா இப்படியே நடந்து போயி கையெழுத்து போட்டிருப்போம். வழியில சிரிச்சிகிட்டே போயிருப்போம். தாத்தா சல்யூட் அடிச்சது ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கிற கதையா இருந்திருக்கும்.”

கன்னியப்பன் நிலைப்படியில் வந்து நின்றார். “தா பாரும்மா. லைசென்ஸ் வந்துடும். நீ இங்கயே வேலைக்கு வந்துடு. மாசச் சம்பளம். புள்ளைய பூர்ணிமா பாத்துக்கும்.”

“என்னா வேல? கல்யாணத்துக்கு எல எடுக்கறதா?”

அவர் நகர்ந்து வழிவிட்டார்.

செல்வி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை அமுதவல்லியைப் பார்த்துக் கையாட்டியது. வாசல்வரை போனவள் நின்றாள். “மேரின்னு கூப்புட்டா இதுவும் திரும்பிப் பாக்குதுக்கா. இந்தப் பேர இனிமே நான் எப்படிக் கூப்புடுவேன்?”

சத்தம் போட்டிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அப்படியெல்லாம் செய்திருந்தால் அமுதவல்லியால் பதிலுக்கு அழுதாவது இருக்க முடியும். அவள் கேட்ட கேள்விக்கு அழுகை பதிலில்லை.

செல்வி தெருவில் இறங்கிப் போனாள். கன்னியப்பன் மறுபடி கதவிடம் போய் உட்கார்ந்து கீலை மாட்டினார். பூர்ணிமா அம்மாவின் எதிரே வந்து நின்றாள். லைசென்ஸ் மனுவைத் தன் கையால் டைப் அடித்தவள் அவள். ‘இதற்கு முன் எந்த நிகழ்ச்சியும் நடத்தப்படவில்லை’ என்ற வரியையும் சேர்த்து.

“அன்னிக்கு நான் பூ தூவினேன் இல்லம்மா? பத்தாவது படிச்சிகிட்டிருந்தேன். அந்தக் கல்யாணந்தானே இது? நடக்கவே இல்லன்னு என் கையாலயே டைப் அடிக்க வச்சீங்க. பிளாஸ்டிக் சேரு, ரெண்டு கதவுங்கற மாதிரி அதையும் ஒரு வரியா சொன்னீங்க. கேட்டதுக்கு, அவங்களுது ரெஜிஸ்டர் ஆபீசுல பதிஞ்சாச்சி, நம்ம மண்டபக் கணக்குல வராதுன்னீங்க.”

“பூர்ணி...”

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். பெரியப்பா எங்க போறாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. செல்வி அக்கா பின்னாலயே சைக்கிள எடுத்துகிட்டுப் போனாரு. எங்க பெரியப்பான்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல.”

அமுதவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்ல முடியாது, இழுத்துக்கொண்டு போனாள்.

ஆணி வெறுமையாக இருந்தது. பட்டையைக் காணோம். தேய்க்க ஊறவைத்த புளி கிண்ணத்தில் அப்படியே கிடந்தது.

“என்னாச்சி?” கன்னியப்பன் பின்னால் வந்து ஆணியைப் பார்த்தார். “பட்டையப் போட்டுகிட்டா போனாரு? எங்க போறாரு? வடிவேலு இப்ப ஆபீசுக்குத்தான் போயிருப்பான்... ஐயோ, நேரா போயி அங்க நின்னு சொல்லிட்டாருன்னா?”

“சொன்னா சொல்லட்டும்.”

“பைத்தியமா உனக்கு? மில்லுல ரெண்டு பேரும் உழைச்சது முழுக்க இந்தச் சுவத்துலதான்டீ இருக்கு!”

அவர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். அமுதவல்லி தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. மாமா போனது மேரிக்கா, குருசுக்குப்பத்தில் சவரியின் அம்மா வீட்டுக்கா, அவளுக்குத் தெரியாது. எங்கே போனாலும் அந்த உயரமான மனுஷர் பட்டையைச் சரிசெய்துகொண்டு, அன்று வந்தது மேர் இல்லை என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லப்போகிறார். அதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தவள் இவள். சொல்ல வேண்டியவளும் இவள்தான்.

மண்டபத்துக்கு வந்தாள். பக்கவாட்டுக் கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறந்தது. கன்னியப்பன் நல்ல ஃபிட்டர், ஒரு சத்தமில்லை. கழுவிய தரையின் நடுவில் குழந்தை பிய்த்துப் போட்ட இட்லித் துண்டு கிடந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மில் நாளில்கூட யாரிடமும் ஒரு ஆழாக்கு அரிசி கைமாற்று வாங்கித் திருப்பித் தராமல் இருந்ததில்லை அவள். இப்போது ஒன்று நிற்கிறது. வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை இல்லாத கடன். செந்தமிழ்ச்செல்விக்கு அமுதவல்லி ஒரு கல்யாணம் பாக்கி.